முதல் சாவைப் பார்த்த பிறகு: ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகளுக்கு

நான் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது எம்.பி.பி.எஸ். பயிற்சி டாக்டராகச் சேர்ந்து இரண்டாவது மாதம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காட்டில் பாம்பு கடித்து ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். உறையவே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது; விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து ஏற்றியும் விடிவதற்குள் இறந்துவிட்டார். வெளியே நின்ற மகனிடம் "அப்பா போயிட்டாருங்க" என்றேன். "கோயமுத்தூருக்கு அனுப்பிட்டீங்களா சாமி?" என்று கேட்டார்.

அதனால் முதலில் இதைப் பழகுங்கள்: "இறந்துட்டாருங்க" என்று அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும். வராந்தாவில் நின்றபடி வேண்டாம். உட்காரவைத்து, நீங்களும் உட்கார்ந்து, அவர்களுக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசாதீர்கள். அழட்டும். முதல் சில தடவை சீனியர் சொல்லும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், உங்களைத் தனியாக அனுப்பினால் "கூட வாங்க சார்" என்று கேட்பதில் வெட்கமே இல்லை.

அப்புறம் உங்கள் மனசு. அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுப் பேசிவிடுங்கள், நைட் டூட்டி சிஸ்டரிடம் பேசினாலும் போதும், அவர்கள் நம்மைவிட எத்தனையோ சாவு பார்த்தவர்கள். மறுநாள் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு யூனிட் சீஃபிடம் போய், எத்தனை மணிக்கு என்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்லி, "நான் வேறு ஏதாவது செய்திருக்கணுமா சார்?" என்று நேராகக் கேளுங்கள். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளலாம்; இல்லையென்றால், செய்யாத தப்பை மாதக்கணக்கில் சுமக்க வேண்டியதில்லை. நான் கேட்காமல் விட்டேன், ஆறு மாதம் அந்தக் குழாய் கனவில் வந்தது.

நம் பக்கம் இன்னொரு கஷ்டம் உண்டு. தோட்டத்தை விற்றுப் படிக்கவைத்த அப்பாவிடம், ஊரே பெருமையாகப் பார்க்கும்போது, "என்னால முடியலீங்கப்பா" என்று சொல்ல வாய் வராது. அக்காவிடமோ அத்தை மகனிடமோ உண்மையைச் சொல்லிவையுங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, டூட்டி என்றாலே நெஞ்சு படபடக்கிறது, யார் இறந்தாலும் ஒன்றுமே தோன்றவில்லை, தூங்குவதற்குக் குடியோ மாத்திரையோ தேவைப்படுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீங்களே மருந்து எழுதிக்கொள்ளாதீர்கள். சொந்தக் காலேஜில் காட்டக் கூச்சமாக இருந்தால் வேறு ஊரில் பாருங்கள், சரியா? செத்துவிடலாம் என்று ஒரே ஒரு தடவை தோன்றினாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ரூம்மேட்டை எழுப்பிச் சொல்லுங்கள், 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, டெலி மானஸ் என்று பெயர், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.