முழு அரேக்கும் (எண் வரிசைக்கும்) ஒரேயடியா கொம்ப்ளெக்ஸ் லொக் (log, கலப்பெண் மடக்கை) எடுக்கிறது எப்பிடி

லூப் போட்டு ஒவ்வொண்டா லொக் எடுத்து மினக்கெடாதேங்கோ, பத்து லட்சம் எண் எண்டா தேத்தண்ணி ஆறீடும். பைதன்ல நம்பை (NumPy) எண்டுற கணக்கு லைப்ரரி இருந்தா முழு அரேயையும் லொக் ஃபங்ஷனுக்குக் குடுங்கோ, காணும். ஆனா அரே கொம்ப்ளெக்ஸ் டைப்பா இருக்கோணும், வெறும் -1 குடுத்தா 'நான்' (NaN) எண்டுதான் வரும், நீங்களும் இல்லை நானும் இல்லை, எண்ணே இல்லை எண்டுற நான். டைப்பை மாத்திக் குடுத்தா ரியல் பக்கம் 0, இமாஜினரி பக்கம் 3.14159.

இமாஜினரி பக்கம் கோணம்தான், அது மைனஸ் பையில (-π) இருந்து பை (π) வரைக்கும்தான் போகும். கொக்குவில்ல இருந்து ஒரு இரவு முழுக்க இதிலதான் மண்டைய உடைச்சனான், சிக்னலின்ர கோணம் ஏறிக்கொண்டே போய் பையைத் தாண்டின உடன டக்கெண்டு 2 பை கீழ விழுது, நான் கோட்பிழை எண்டு தேடுறன். பிழையே இல்லை, கோணத்துக்கு நம்பையின்ர அன்ராப் (unwrap) ஃபங்ஷனைப் போட்டா நேராகும். மைனஸ் எண்ணில இமாஜினரி பக்கம் துளி மைனஸ் ஒட்டியிருந்தாலும் பை மைனஸ் பையா மாறும், கவனம்.

சி-ல எழுதுறவைக்கு இன்ரெல் எம்கேஎல் (MKL) எண்டுற கணக்கு லைப்ரரியில வீஇசட்எல்என் (vzLn) ஃபங்ஷன் கிடக்கு, நீளம், இன்புட், அவுட்புட், அவ்வளவுதான். அதில ஈபி (EP) மோட், அதாவது துல்லியத்தைக் குறைச்சு ஓடுற முறை, வேகம், ஆனா பாதி பிட்தான் சரியா வரும், எனக்கு அது சரிவராது. 0 இருந்தா மைனஸ் இன்ஃபினிட்டி, முதலே விலக்குங்கோ.