காற்றடிக்கிற ஊரில் அகச்சிவப்புப் படம்: பழைய கேமராவை வீட்டிலேயே மாற்றும் செய்முறை

தென்னையும் வாழையும் வெள்ளை வெளேரென்று நிற்க, வானம் கறுத்து, குளத்துத் தண்ணீர் மை போல இருக்கும் படங்களை எங்காவது பார்த்திருப்பீர்கள். அது கம்ப்யூட்டரில் செய்த வேலை இல்லை, அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்த படம். நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை, அதற்கு அப்பால் இருப்பதுதான் அகச்சிவப்பு. கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கான் சென்சாருக்கோ 1100 நானோமீட்டர் பக்கம் வரை தெரியும். அதை அப்படியே விட்டால் சாதாரணப் படங்களின் நிறம் கெட்டுவிடும் என்பதால், சென்சாருக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, தயாரிக்கும்போதே தடுத்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு கண்ணாடி வைப்பதுதான் இன்றைய வேலை.

இலை வெள்ளையாவதற்குப் பச்சையம் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள், சரியில்லை. அகச்சிவப்புக்குப் பச்சையம் கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் பொருள்தான். இலைக்குள்ளே செல்களுக்கும் காற்றிடைவெளிகளுக்கும் நடுவில் வெளிச்சம் சிதறித் திரும்பி வருவதால்தான் அந்த வெண்மை. 1910-இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இந்த மாதிரிப் படங்களை வெளியிட்டார், அவர் பெயரால் இதை வுட் விளைவு என்கிறார்கள். இன்னொன்று, இது சூட்டைக் காட்டும் தெர்மல் கேமரா ஆகாது. அது வேறு அலைநீளம், வேறு சென்சார்.

கழற்றாமல் எடுக்க முடியாதா?

முடியும். சுமார் 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட வெளிச்சத்தை மட்டும் விடும் 720 நானோமீட்டர் ஃபில்டரை (ஹோயா ஆர்72 என்பது பலருக்கும் தெரிந்த பெயர்) சாதாரண கேமராவின் லென்ஸுக்கு முன்னால் மாட்டி, ஸ்டாண்டில் வைத்து எடுக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் கண்ணாடி அகச்சிவப்பை ஏற்கெனவே பெரும்பாலும் தடுத்துவிட்டதால், மிச்சமாக வரும் துளி வெளிச்சத்துக்குப் பட்டப்பகலிலேயே பல நொடிகள் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். காற்று இல்லாத ஊரில் அது போதும். குமரி மாவட்டத்தில் எங்கே போவது? ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை வரிசையாக நிற்பதே இந்தக் காற்றை நம்பித்தான், ஆடிக் காற்றில் தென்னையோலை ஒரு நொடி சும்மா இருக்காது, வாழையிலை அதைவிட மோசம். இலையின் வெண்மைக்காகவே எடுக்கும் படத்தில் இலை எல்லாம் இழுபட்ட புகையாக வந்தால் என்ன பயன்? அதனால் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஃபில்டரில் பணத்தைப் போடும் முன் கேமராவைத் திறந்து மாற்றுங்கள். மாற்றிய கேமராவில் உச்சி வெயிலில் கையில் பிடித்தே எடுக்கும் வேகம் கிடைக்கும், இலை இலையாகவே நிற்கும்.

எந்தக் கேமரா

கல்யாண வீடு, கோயில் கொடை என்று ஒரு காலத்தில் எல்லோர் கையிலும் இருந்ததே அந்தச் சின்ன காம்பாக்ட் கேமரா, இப்போது அலமாரியில் சும்மா கிடக்கும், அது போதும். லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவான டிஎஸ்எல்ஆர் முதல் முயற்சிக்கு வேண்டாம். அதில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் பிடிக்கும் சென்சார் தனி. ஒன்றின் முன்னால் கண்ணாடியை மாற்றினால் இரண்டுக்கும் கணக்கு ஒத்துவராது. காம்பாக்ட் கேமரா படம் பிடிக்கும் சென்சாரை வைத்தே ஃபோகஸ் பார்ப்பதால் சின்ன வித்தியாசங்களைத் தானே சரிசெய்துகொள்ளும். வெண் சமநிலையை, அதாவது வொயிட் பேலன்ஸை, நாமே வைக்கும் வசதி மெனுவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த மாடலைப் பிரித்துக் காட்டும் வீடியோ கிடைத்தால் முழுவதும் பார்த்துவிட்டே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

திறக்கும் முன் ஒரு சோதனை. டிவி ரிமோட்டின் முனையிலிருந்து வருவதும் அகச்சிவப்புதான். அதை லென்ஸுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்தி, திரையில் அதன் முனை எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்தபின் ஒப்பிட உதவும்.

தேவையானவை

மொபைல் ரிப்பேருக்கு விற்கும் ஸ்க்ரூடிரைவர் செட், பிளாஸ்டிக் முனை கொண்ட இடுக்கி, காற்றூதும் ரப்பர் பல்ப், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், மல்டிமீட்டர், 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர். பள்ளிக்கூட லேபுக்குப் பொருள் விற்கும் கடையில் மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒரு பெட்டி. கண்ணாடி அறுக்கும் கட்டர், இல்லையென்றால் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்தால் அறுத்துத் தருவார்கள். வெர்னியர் காலிப்பர் ஒன்று யாரிடமாவது இரவல் வாங்குங்கள், அது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

படி 1: ஃபிளாஷ் கெப்பாசிட்டர்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் இது ஒன்றுதான், அதனால் மெதுவாகப் படியுங்கள். கேமராவின் பேட்டரி 3.7 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். ஃபிளாஷுக்காக உள்ளே ஒரு கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட்டைச் சேர்த்து வைத்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அப்படியே இருக்கும். விரல் பட்டால் கை தூக்கி அடிக்கும். இரண்டு கையும் பட்டு மின்சாரம் நெஞ்சு வழியாகப் போனால் ஆபத்து.

முதலில் மெனுவில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, பேட்டரியையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் வெளி ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பின்பக்க மூடியைத் திறக்கும்போது கேமராவை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஃபிளாஷ் பல்புக்குப் பக்கத்தில், கறுப்பு உறை போட்டு, சின்ன விரல் பருமனில் ஓர் உருளை இருக்கும், அதுதான். ரெசிஸ்டரின் இரண்டு கால்களிலும் உறை போட்ட ஒயரைச் சேர்த்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் ஒயர் முனைகளைக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் பத்து நொடி தொட வையுங்கள். பிறகு மல்டிமீட்டரை டிசி 500 அல்லது 1000 வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். 5 வோல்ட்டுக்குக் கீழே வந்தபின்தான் கை உள்ளே போக வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் ஒன்றாகத் தொட்டு வெடிக்க வைப்பதை வீடியோக்களில் பார்ப்பீர்கள், அப்படிச் செய்யவே செய்யாதீர்கள், தீப்பொறியில் சர்க்யூட் போர்டு போய்விடும், கண்ணுக்கும் நல்லதில்லை.

இடையில் சோதனைக்காகப் பேட்டரி போட்டு ஆன் செய்தால் கெப்பாசிட்டர் மறுபடியும் நிறையும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து இறக்க வேண்டும். மின்சார வேலையில் பழக்கமே இல்லாதவர்கள் இந்தப் படிக்கு மட்டும் ஒரு ரேடியோ, டிவி மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பிரிப்பது

ஃபேனை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் கஷ்டம்தான், ஆனால் சுற்றும் ஃபேன் சென்சார் மேல் தூசியைக் கொண்டுவந்து போடும். ஒரு வெள்ளைத் தாளில் கேமராவின் படத்தைக் கையால் வரைந்து, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே ஒட்டி வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் உள்ளே குத்தும். ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும் முன் மொபைலில் படம்.

ரிப்பன் கேபிள்களை இழுத்துப் பிடுங்க வேண்டாம். சாக்கெட்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பூட்டு இருக்கும், அதை நகத்தால் மேலே தூக்கினால் கேபிள் தானாக வெளியே வரும். திரையை விலக்கினால் லென்ஸ் பெட்டிக்குப் பின்னால் சென்சார் ஒரு உலோகத் தகட்டில், பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூவில் நிற்கும். அந்த ஸ்க்ரூக்களுக்கு அடியில் ஸ்பிரிங் அல்லது வாஷர் இருந்தால், ஒவ்வொன்றும் எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், சென்சார் சாயாமல் திரும்ப உட்கார அந்தக் கணக்கு வேண்டும். தகட்டைத் தூக்கும் முன் குழாயையோ ஏதாவது பெரிய இரும்பையோ தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் அது குறைவாகத்தான் சேரும், இருந்தாலும் தொடுங்கள்.

படி 3: அந்தக் கண்ணாடி

சென்சாருக்கும் லென்ஸுக்கும் நடுவில், ஒரு கறுப்பு ரப்பர் சட்டத்துக்குள், சின்ன விரல் நகத்தளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும். நேராகப் பார்த்தால் வெளிறிய நீலப்பச்சை, சாய்த்துப் பார்த்தால் சிலவற்றில் செந்நிறம் அடிக்கும். கையில் எடுத்தவுடனே தெரிந்துவிடும். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து எடுங்கள், சென்சாரின் சொந்தக் கண்ணாடியைத் தொட்டுவிடாதீர்கள். எடுத்ததும் சென்சாரைச் சுத்தமான டப்பாவால் மூடி வையுங்கள். கழற்றிய கண்ணாடியையும் பத்திரப்படுத்துங்கள், என்றைக்காவது கேமராவைப் பழையபடி ஆக்க வேண்டியிருக்கும்.

அந்த இடத்தை வெறுமையாக விடக்கூடாது. கண்ணாடி வழியே வரும் ஒளி, கண்ணாடியின் தடிமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பின்னால் தள்ளிக் குவிகிறது. 0.9 மில்லிமீட்டர் கண்ணாடியை எடுத்துவிட்டால் 0.3 மில்லிமீட்டர் முன்னாலேயே குவிந்துவிடும், கேமராவுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடும். பக்கத்துப் பூ தெளிவாக விழும், தூரத்தில் நிற்கும் மருந்துவாழ் மலை விழாது. அதனால் காலிப்பரில் பழைய கண்ணாடியின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்து, அதே தடிமனில் ஸ்லைடு தேடுங்கள். ஸ்லைடுகள் சுமார் 1 மில்லிமீட்டர், பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும். சற்றே தடிமன் கூடினால் பரவாயில்லை, தூரம் கெடாது. மெல்லியதாக மட்டும் போகக்கூடாது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அளவுகோலை வைத்து ஒரே இழுப்பில் கோடு போட்டு, கோட்டின் மேல் ஒடியுங்கள். திரும்பத் திரும்பக் கீறினால் விளிம்பு சிதறும். மூன்று நான்கு துண்டு எடுத்து வையுங்கள், முதலாவது சரியாக அமைவது அபூர்வம். விளிம்பை வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலில் கழுவி, விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத ஒரு நூலிழை, அப்படிச் சாய்க்கும்போது மினுங்கும். அதை இப்போது எடுக்காவிட்டால் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் நிற்கும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும், ரப்பர் பல்பால் ஊதுங்கள். ரப்பர் சட்டத்துக்குள் புதுக் கண்ணாடியை வைத்து, பிரித்த வரிசைக்குத் தலைகீழாக மூடுங்கள்.

படி 4: வெளியே ஃபில்டர்

இப்போது கேமரா கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், அகச்சிவப்பு இரண்டையும் பார்க்கும். படம் சிவப்பேறித் தெரியும், ரிமோட் முனை பளிச்சென்று எரியும். அகச்சிவப்பை மட்டும் விட ஒரு ஃபில்டர் வேண்டும். அதை உள்ளேயே வைப்பவர்களும் உண்டு. நான் வெளியே வைக்கத்தான் சொல்வேன், நினைத்தபோது மாற்றலாம்.

காசில்லாத வழி, பழைய கலர் நெகட்டிவ். ரோல் மாட்டும்போது வெயில் பட்டு, கழுவியபின் கறுத்துப்போன நுனி இருக்குமே, அது. பழைய ஸ்டுடியோக்களில் கேட்டால் கிடைக்கும். இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, லென்ஸ் வளையத்தில் டேப்பால் ஒட்டினால் போதும். கலர் பிலிமின் சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை விடுகிறது. கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் ஆகாது, அவற்றில் இருப்பது வெள்ளி, அது அகச்சிவப்பையும் மறைக்கும். காசு போட்டு வாங்குவதென்றால் 720 நானோமீட்டர். ஆனால் முன்னும் பின்னும் நகரும் சின்ன லென்ஸில் கனமான ஃபில்டரை ஒட்டாதீர்கள், மோட்டார் தாங்காது, கையால் முன்னால் பிடித்தாலே போதும்.

அந்தக் கறுத்த பிலிம் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள். கண்ணுக்கு இருட்டாகத் தெரிவதால் கருவிழி விரியும், அகச்சிவப்பு தடையில்லாமல் விழித்திரையில் போய் விழும். கன்னியாகுமரியில் சூரியனைப் பார்க்கக் கூட்டம் கூடும் இடத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மெல்லிய செயற்கை இழைத் துணிகள் சிலவற்றின் ஊடாகவும் அகச்சிவப்பு போகும் என்பதால், கடற்கரையில் ஆட்களைக் கேட்காமல் எடுக்கவும் வேண்டாம்.

படி 5: எடுப்பது

ஃபில்டரை மாட்டிக்கொண்டு, வெயில் விழும் புல்லையோ நெல் வயலையோ திரை நிறையக் காட்டி வெண் சமநிலையை வையுங்கள். சிவப்பு போய் இலை வெளுக்கும். மற்ற போட்டோகிராபர்கள் வெயிலுக்கு ஒதுங்கும் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரைதான் நமக்கு நல்ல நேரம். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தென்னந்தலைகளுக்கு நடுவே எழும் கான்கிரீட் தூண்கள், பேச்சிப்பாறை அணையின் நீர், நாஞ்சில் நாட்டு வயலுக்குப் பின்னால் நிற்கும் மலை, மூன்றும் முதல் நாளுக்கு ஏற்றவை. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் என்றால் தை மாதம் போகாதீர்கள், இலை உதிர்ந்து வெறும் கம்பாக நிற்கும், புதுத் தளிர் முற்றியபின் போங்கள். படத்தின் நடுவில் வட்டமாக வெளுத்துத் தெரிந்தால் அது லென்ஸின் இயல்பு, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை, பெரிதாகத் திறந்தால் குறையும்.

பிலிம் ஃபில்டரில் எடுத்ததில் நிறம் அதிகம் இருக்காது, கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் முடிந்தது. 720 ஃபில்டரில் எடுத்திருந்தால் ஜிம்ப் மென்பொருளில் சேனல் மிக்சரைத் திறந்து, சிவப்பு சேனலில் சிவப்பை 0, நீலத்தை 1 ஆக்குங்கள், நீல சேனலில் நீலத்தை 0, சிவப்பை 1 ஆக்குங்கள். செம்பழுப்பாக இருந்த வானம் நீலமாகும், இலையில் லேசான மஞ்சள் நிற்கும்.

கேமராவைத் திறந்து மூடியதில் கொஞ்சம் ஈரக்காற்று உள்ளே போயிருக்கும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்பும் சேரும், லென்ஸில் பூஞ்சை பிடிக்க அது போதும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, இரண்டு மழைக்காலத்திலும் பொட்டலத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.