தீர்ப்பையும் இரக்கத்தையும் இடம் மாற்றி வைக்காதீர்கள்

போன மாதம் எங்கள் வாலிபர் குழுவோடு ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போனேன். டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிற ஒருவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஊழியத்துக்குப் புதிதாக வந்த தம்பி வேதத்தைத் திறந்துகொண்டே, "அண்ணே, அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாருங்க" என்றான். எங்களுக்குக் காபி கொண்டுவந்த அவர் மனைவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே தப்பைத்தான் செய்தேன்.

ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்புகளில் ஜெபம் நீண்டுபோவது, வசன எண் மாறிப்போவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே இருப்பவை அப்படித் தானாகப் போகாதவை.

பழைய ஏற்பாட்டில் கோபம், புதியதில் அன்பு

இப்படிப் பிரித்துப் போதித்த மார்க்கியோன் என்பவரை ரோமாபுரிச் சபை இரண்டாம் நூற்றாண்டிலேயே விலக்கிவிட்டது. யாத்திராகமம் 34-ஐ எடுத்துப் பாருங்கள். இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டி செய்து வணங்கிய பிறகு கர்த்தர் மோசேக்கு முன்பாகக் கடந்துபோகிறார். இரக்கமும் கிருபையும் உள்ளவர் என்று தொடங்கி, குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்று அதே மூச்சில் முடிக்கிறார். எரிநரகம் பற்றிய எச்சரிப்பும் மலைப்பிரசங்கத்திலேயே இருக்கிறது.

அடுத்தவர் துன்பத்துக்குத் தீர்ப்பு எழுதுவது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது. மீனவக் குப்பங்களிலும் இறந்தார்கள், வேளாங்கண்ணிக்கு ஜெபிக்க வந்தவர்களும் இறந்தார்கள். அடுத்த வாரமே, "இது நியாயத்தீர்ப்பு" என்று ஒரு பிரசங்கம் கேட்டேன். அதை மனதில் ஏற்றிக்கொண்டுதான் நிவாரணப் பொருள்களோடு நாகப்பட்டினம் பக்கம் ஒரு முகாமுக்குப் போனேன். நாங்கள் கொடுத்த அரிசியை ஒரு அம்மா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, தேவன் இதன் மூலம் உங்களோடு பேசுகிறார், மனந்திரும்புங்கள் என்றேன். முறம் நின்றது. "தம்பி, எம்புள்ளைக்கு மூணு வயசு" என்றார். அப்புறம் மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

ஊருக்கு வந்த பிறகுதான் லூக்கா 13-ஐ ஒழுங்காக வாசித்தேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, அப்படியல்ல என்கிறார். சுகமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத்தான் மனந்திரும்பச் சொல்கிறார். அன்றைக்கு அந்த முகாமில் அந்த வசனத்துக்கு உரிய ஆள் நான்தான். அதோடு அத்திமர உவமை வருகிறது. மூன்று வருஷமாகக் கனியில்லை, வெட்டிப்போடு என்கிறார் சொந்தக்காரர். இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்கிறான் தோட்டக்காரன். ஊழியக்காரனுக்கு அந்த மண்வெட்டி வேலை போதும்.

"அப்போ பாவத்தால வியாதி வரவே வராதாண்ணே?" என்று போன மாத வீட்டு ஜெபத்திலிருந்து திரும்பி வரும் வழியில் அந்தத் தம்பி கேட்டான். வரலாம். யோவான் 5-ல், 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனிடம் இனிப் பாவஞ்செய்யாதே என்கிறார் இயேசு. ஆனால் சுகமாக்கிய பிறகுதான் சொல்கிறார். யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பற்றி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்கிறார். நாம் போகிற வீடு இந்த இரண்டில் எது என்று நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தெரியாதபோது வாயை மூடிக்கொண்டு கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள்.

எனக்கு இரக்கம், அவனுக்குத் தீர்ப்பு

யோனா, நாலாம் அதிகாரம். தேவன் நினிவே ஊருக்கு இரங்கினார் என்று யோனா கோபப்படுகிற இடம். முழங்காலில் நின்று வாசியுங்கள்.

"அவர்தான் மன்னிப்பாரே"

வாங்கின கடனை முதலில் திருப்பிக் கொடுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்றான்.

மன்னித்ததைத் திரும்பக் கிளறுவது

எங்கள் சபையில் ஒரு பாட்டி ராப்போஜனத்துக்கு, அதாவது அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனைக்கு, எழுந்து வரமாட்டார். எந்தக் காலத்திலோ செய்த ஒன்றைச் சொல்லி, கடைசி வரிசையிலேயே உட்கார்ந்து அழுவார். "நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான்" என்ற 130-ஆம் சங்கீத வசனம் அவருக்கு மனப்பாடம். அதோடு நிறுத்திவிடுவார். பார்க்கும்போதெல்லாம் அடுத்த வசனத்தை நான் சொல்லிக்கொடுக்கிறேன்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." போன ராப்போஜனத்தன்று நடுவரிசை வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தார்.