நம்பிக்கை வந்த பிறகு பேசலாம் என்பதே முதல் தவறு: அணு ஆயுதக் குறைப்புப் பேச்சில் தவிர்க்க வேண்டியவை

பகை நாடுகள் இரண்டு அணு ஆயுதத்தைக் குறைப்பது பற்றிப் பேச உட்கார்ந்ததும், "அவர்களை எப்படி நம்புவது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நம்பிக்கை இருக்கும் இடத்தில் இப்படி ஒரு ஒப்பந்தமே தேவைப்படாது. பிரிட்டனிடமும் அணு ஆயுதம் இருக்கிறது, பிரான்சிடமும் இருக்கிறது. ஒருவர் ஏவுகணையை மற்றவர் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. பங்காளிகள் நிலம் பிரிக்கையில் சர்வேயரைக் கூப்பிடுவது நம்பிக்கை இல்லாததால்தான். அளந்து கல் ஊன்றிவிட்டால், முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அடுத்தடுத்த வயலில் உழுது பிழைக்கலாம்.

அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அப்படித்தான் அளந்தன. 1983 செப்டம்பரில் தென்கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஏவுகணைக் குறைப்புப் பேச்சிலிருந்து சோவியத் தரப்பு எழுந்து போனது. இரு தரப்புக்கும் இடையே கசப்பு உச்சத்தில் இருந்த ஆண்டு அது. நான்கே ஆண்டுகளில், 1987 டிசம்பர் 8 அன்று, அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளுக்கான ஐஎன்எஃப் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தரையிலிருந்து ஏவப்படும், 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும் ஏவுகணைகள் அனைத்தையும் அழிப்பது என்று முடிவானது. 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிந்தன. அதில் 1,846 சோவியத் தரப்பினுடையவை, 846 அமெரிக்காவினுடையவை.

அதைச் சாத்தியமாக்கியது இரு தொழிற்சாலை வாசல்களில் நடந்த காவல். ரஷ்யாவில் வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலையின் வாசலில் அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கினார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மேக்னா தொழிற்சாலையின் வாசலில் சோவியத் ஆய்வாளர்கள் தங்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் 30 பேர் வரை, இரவும் பகலும். தடை செய்யப்பட்ட எஸ்எஸ்-20 ஏவுகணையின் ஒரு பகுதியும், தடையில்லாத எஸ்எஸ்-25 ஏவுகணையின் ஒரு பகுதியும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. அதனால் வெளியே போகும் கலங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வரை ஒப்பந்தத்தில் எழுதினார்கள். 1990-இல் அந்த எக்ஸ்ரே கருவியை வைத்தே ஒரு சச்சரவும் மூண்டது. பேசித் தீர்த்தார்கள், ஒப்பந்தம் நின்றது. சந்தேகம் எழும் இடங்களை முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நடைமுறை எழுதி வைத்தவர்களின் வேலை இது. மேடையில் கை குலுக்கிய தலைவர்களைவிட இவர்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

நமக்குப் பக்கத்திலும் சின்னதாக ஓர் உதாரணம் உண்டு. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக்கூடாது என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டன. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பிறகும் அது நிற்கவில்லை. நாடாளுமன்றத் தாக்குதலைத் தொடர்ந்து படைகள் எல்லையில் குவிந்திருந்த 2002 புத்தாண்டிலும் பட்டியல் கைமாறியது. கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி இல்லை.

எண்ணிக்கைப் பேரத்தில் காரியத்தைக் கோட்டை விடுவது

என்னை மிகவும் வருத்துவது 1963-இல் நடந்ததுதான். அணுகுண்டுச் சோதனைகளை முழுவதுமாகத் தடை செய்யும் பேச்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நிலத்தடியில் நடப்பது நிலநடுக்கமா, அணுச் சோதனையா என்று சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை முறை போகலாம் என்பதில்தான் இழுபறி. சோவியத் தலைவர் குருஷேவ் இரண்டு, மூன்று முறை என்றார். அமெரிக்கா எட்டு முதல் பத்து வரை கேட்டு, பிறகு ஏழுக்கு இறங்கியது. மூன்று என்றால் அமெரிக்கா ஒப்புக்கொள்ளும் என்று தன் ஆட்களின் பேச்சிலிருந்து புரிந்துகொண்ட குருஷேவ், தன் சகாக்களைக் கஷ்டப்பட்டு இணங்க வைத்திருந்தார். போதாது என்று பதில் வந்ததும் தான் அவமானப்பட்டதாகக் கருதினார். ஆய்வாளர்கள் அங்கே போய் என்ன செய்வார்கள், எவ்வளவு பரப்பில் தேடுவார்கள் என்பவற்றைப் பேசி முடிக்காமலே இரு தரப்பும் எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றன.

கடைசியில் 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனையைத் தடுத்தது. நிலத்தடியை விட்டுவிட்டது. உலகில் இதுவரை நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளில் பெரும்பாலானவை நிலத்துக்கடியில் நடந்தவை. முழுத் தடைக்கான ஒப்பந்தம் உருவாக 1996 வரை ஆனது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

எண்ண எளிதானதை மட்டும் எண்ணுவது

அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னெவும் 1972 மே மாதம் மாஸ்கோவில் செய்துகொண்ட சால்ட் என்ற ஆயுத வரம்பு உடன்பாடு, ஏவுகணைகளை ஏவும் தளங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. காரணம், செயற்கைக்கோளிலிருந்து எண்ண அவைதான் வசதி. ஒரே ஏவுகணையில் பல குண்டுகளை வைத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு இலக்குக்கு அனுப்பும் நுட்பம் அதற்குள் வந்திருந்தது. அமெரிக்காவின் மினிட்மேன்-3 ஏவுகணை மூன்று குண்டுகளோடு 1970-லேயே தளங்களில் நின்றது. அதற்கு வரம்பில்லை. சில ஆண்டுகளில் சோவியத் தரப்பு பத்துக் குண்டுகள் வரை சுமக்கும் எஸ்எஸ்-18 ஏவுகணையைக் கொண்டுவந்தது. ஏவுதளங்கள் கூடவில்லை, குண்டுகள் பல மடங்கு பெருகின. இதன் விளைவை 1969, 1970-லேயே இன்னும் ஆழமாக யோசித்திருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரப்பில் அந்தப் பேச்சை நடத்திய கிசிங்கரே 1974-இல் வருந்திச் சொன்னார்.

இதே ஓட்டை நம் துணைக்கண்டத்திலும் இருக்கிறது. சோதனைக்கு முன் தகவல் சொல்லும் 2005-ஆம் ஆண்டு இந்திய–பாகிஸ்தான் ஒப்பந்தம் மேலே எறியப்பட்டு வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும்தான். விமானம்போல் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது குரூஸ் வகை ஏவுகணைதான். உயிர்ச்சேதம் இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்ற இந்தியாவின் விளக்கம் இரண்டு நாள் கழித்தே வந்தது. அது சோதனை இல்லை, விபத்து. ஆகவே அந்த ஒப்பந்தம் விரிவாக இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்காது. ஆனால் எந்த ஆயுதத்தைப் பற்றி இரு நாடுகளும் பேசாமல் விட்டிருக்கின்றன என்பதை அது காட்டியது.

எல்லாம் கிடைத்தால்தான் எதுவும் என்பது

1986 அக்டோபர் 11, 12 தேதிகளில் ஐஸ்லாந்தின் ரேய்க்யவிக் நகரத்தில் ரீகனும் கோர்பச்சேவும் அணு ஆயுதங்களை முழுவதுமாக ஒழிப்பது வரை பேசினார்கள். ரீகனின் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை ஆய்வகத்துக்குள் மட்டும் வைத்திருக்க வேண்டும் என்றார் கோர்பச்சேவ். ரீகன் மறுத்தார். அந்த இடத்தில் எல்லாம் முறிந்தது. 1987 பிப்ரவரியில் கோர்பச்சேவ் நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளை மட்டும் மூட்டையிலிருந்து அவிழ்த்துத் தனியாக எடுத்த பிறகுதான் மேலே சொன்ன ஐஎன்எஃப் ஒப்பந்தம் பிறந்தது.

எதிராளியைக் குனிய வைக்க நினைப்பதும் இதே குணம்தான். லிபியா 2003-இல் தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டது. 2011-இல் அதன் தலைவர் கடாஃபி கொல்லப்பட்டார். அது தெரிந்தும் 2018-இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன், வடகொரியாவுக்கு "லிபியா வழி"யைக் காட்டினார். வடகொரியா கொதித்தது. கேட்பவர் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று யோசிக்காதவர் பேச்சுவார்த்தைக்குப் பொருத்தமில்லாதவர்.

சொந்த வீட்டில் ஆதரவு திரட்டாமல் கையெழுத்திடுவதும் ஆபத்து. ஈரானின் அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்த அதனோடு 2015-இல் செய்த ஒப்பந்தம் அமெரிக்க செனட்டின் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கையாக இல்லை. 2018 மே 8 அன்று டிரம்ப் ஓர் அறிவிப்பில் வெளியேறினார். 3.67 சதவீதத்துக்கு மேல் யுரேனியத்தைச் செறிவூட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்த ஈரான், 2021-இல் அணுகுண்டுத் தரத்தை நெருங்கும் 60 சதவீதத்தைத் தொட்டது.

மீறல் தெரிந்தால் வெளியேறுவது, தெரியாதிருக்கையில் ஆய்வை நிறுத்துவது

சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் பகுதியில் சோவியத் கட்டிய பெரிய ராடாரை 1983-இல் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் கண்டுபிடித்தன. ஏவுகணைகளை இடைமறிக்கும் அமைப்புகளுக்கு வரம்பு வைத்த ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தப்படி அங்கே அது இருக்கக்கூடாது. சோவியத் தரப்பு ஆண்டுக்கணக்கில் மறுத்தது. அமெரிக்கா அந்தப் புகாரைக் கைவிடவில்லை, பேச்சையும் கைவிடவில்லை. 1989-இல் சோவியத் வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்ஸே அது மீறல்தான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிறகு ராடார் பிரிக்கப்பட்டது.

ஐஎன்எஃப் ஒப்பந்தத்தின் நேரடி ஆய்வுகள் 13 ஆண்டுகளுக்கே எழுதப்பட்டிருந்தன, 2001-இல் முடிந்தன. ரஷ்யா தடைசெய்யப்பட்ட ஏவுகணையைச் சோதித்தது என்று 2014-இல் அமெரிக்கா குற்றம் சாட்டியபோது, தொழிற்சாலை வாசலில் யாரும் இல்லை. 2019-இல் அந்த ஒப்பந்தம் போய்விட்டது. அமெரிக்காவும் ரஷ்யாவும் நெடுந்தொலைவு அணு ஆயுதங்களுக்கு வரம்பு வைத்த நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 18 ஆய்வுகளுக்கு இடமிருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தியவர்கள் மறுபடி தொடங்கவே இல்லை. 2023-இல் ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்தி வைத்தது. 2026 பிப்ரவரி 5-ஆம் தேதியோடு அதன் காலமும் முடிந்தது. அடுத்து யார் எந்த மேசையில் உட்கார்ந்தாலும், ஆய்வாளர்களை மறுபடி உள்ளே அனுப்புவதை முதல் வேலையாக வைக்க வேண்டும். குண்டுகளின் எண்ணிக்கையை அதன் பிறகு பேசலாம்.