பாஸ்போர்ட் ஒன்றுதான்: அடிக்கடி வெளிநாடு போகும் சேலத்து வியாபாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து வியாபாரத்துக்காக வெளிநாடு போகிறவர்கள் பல ரகம். ஜனவரியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகும் ஜவுளி ஏற்றுமதியாளர்கள் இருக்கிறார்கள். ஏப்ரலிலோ அக்டோபரிலோ கான்டன் கண்காட்சிக்காக குவாங்சோ போய் இயந்திரம் பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து துபாய்க்கு வெள்ளிக்கொலுசு ஆர்டர் பேசப் போகிறவர்களும், ஏற்காட்டுக் காப்பிக்கு நேரடியாக ஆள் பிடிக்கக் கிளம்பும் தோட்டக்காரர்களும் உண்டு. தொழில் வேறுவேறாக இருந்தாலும் பயணம் கெடுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். டிக்கெட், ஹோட்டல், கண்காட்சி அரங்கு என எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த வாரங்களில் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்பதை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். சில நாடுகள் அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கு இரண்டாவது பாஸ்போர்ட் கொடுக்கின்றன. ஆனால் இந்தியர்களாகிய நாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாகும் இரண்டு சாதாரண பாஸ்போர்ட்டுகளை வைத்திருக்க முடியாது. ஸ்டிக்கர் ஒட்டும் விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பி வரும்வரை, வேறு எந்த நாட்டுக்கும் நகர முடியாது. டிசம்பர் தொடக்கத்தில் ஜெர்மனி விசாவுக்குக் கொடுத்தவருக்கு டிசம்பர் நடுவில் துபாய் வாடிக்கையாளரிடமிருந்து அழைப்பு வந்தால், ஒன்றை விட்டுத்தான் இன்னொன்று. இடையில் பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதனால் விண்ணப்பம் தாமதமாகும், சில இடங்களில் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஜெர்மனி உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். பரிசீலனைக்குச் சாதாரணமாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஜனவரிக் கண்காட்சி என்றால் ஜூலை முதலே வழி திறந்திருக்கிறது. ஆனாலும் தீபாவளி முடியட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். அப்புறம் சென்னையில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

என் யோசனை எளிமையானது. ஒரு வருடத்துக்கான தாள் ஒன்றை எடுத்து, எந்த வாரம் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும், எந்த வாரம் அதை வெளியே விடலாம் என்று முதலில் குறியுங்கள். விசா விண்ணப்பங்களை அந்தக் காலி வாரங்களில் வையுங்கள். வணிகத்துக்கும் சுற்றுலாவுக்குமான அமெரிக்க பி1/பி2 போல 10 வருடம் வரை கிடைக்கக்கூடிய விசாக்களை, அவசரப் பயணம் எதுவும் இல்லாத மாதங்களிலேயே முடித்து வைத்துவிடுங்கள்.

காலாவதி, பக்கங்கள், புதுப்பித்தல்

பாஸ்போர்ட்டில் அச்சிட்ட கடைசித் தேதியை உண்மையான கடைசித் தேதியாக நினைப்பது அடுத்த தவறு. சிங்கப்பூர், இந்தோனேசியா, அமீரகம் போன்ற நாடுகளுக்கு 6 மாத செல்லுபடி மீதம் இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள், அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு மேல் 3 மாதம் கேட்கின்றன; இரண்டு காலிப் பக்கங்களும் வேண்டும். ஆகவே 10 வருடப் பாஸ்போர்ட் நடைமுறையில் ஒன்பதரை வருடப் பாஸ்போர்ட்தான். ஒன்பதாவது வருடம் முடியும்போதே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுவது நல்லது. பழைய பாஸ்போர்ட்டில் மிச்சம் இருக்கும் மாதங்கள் புதியதில் கூட்டித் தரப்படமாட்டா. ஆனால் அந்த மாதங்கள் போனதற்காக வருத்தப்படுவது, ஒரு கண்காட்சியை இழப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பக்கங்கள் தீர்ந்தால் கூடுதல் தாள் சேர்த்துத் தரும் வழக்கம் இங்கே கிடையாது, புதிய பாஸ்போர்ட்தான் எடுக்க வேண்டும். 36 பக்கம், 60 பக்கம் என இரண்டு வகை உண்டு. சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாயும் 2,000 ரூபாயும். வருடத்தில் பல தடவை போகிறவர் அந்த 500 ரூபாயை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

சேலம் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. விண்ணப்பத்தை வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவா தளத்தில் மட்டும் போடுங்கள். அதே சாயலில் போலித் தளங்கள் இருக்கின்றன. கூடுதல் பணம் பிடுங்குவதோடு, உங்கள் ஆதார் விவரமும் அவர்கள் கைக்குப் போகும்.

ஏற்காட்டுக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புதிய பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில், விண்ணப்பத்தில் தந்த தற்போதைய முகவரிக்கு வரும். அடையாளம் பார்த்து உரியவர் கையில்தான் கொடுப்பார்கள். தோட்டத்து முகவரியைக் கொடுத்துவிட்டு, வாரம் முழுக்கக் கீழே சேலத்தில் இருந்தால், தபால்காரர் யாரிடம் கொடுப்பார்? பட்டுவாடா ஆகாதது பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விடும். அனுப்பியதாகக் குறுஞ்செய்தி வந்ததும் மலைமேல் இருங்கள், அல்லது அஞ்சலகத்தில் நேரில் போய்ப் பேசி வையுங்கள்.

புதிய எண்ணோடு பாஸ்போர்ட் வந்த பிறகு பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மின்விசாக்கள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. பழைய எண்ணில் வாங்கிய மின்விசாவோடு புதிய பாஸ்போர்ட்டை நீட்டினால் விமான நிலையக் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். அமெரிக்க விசா ஸ்டிக்கர் அப்படி இல்லை. பழைய பாஸ்போர்ட் காலாவதியானாலும், விசா சேதமாகாமல் இருந்தால், பழையது புதியது இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்ப் பயன்படுத்தலாம். மற்ற நாட்டு விசாக்களுக்கு அந்தந்தத் தூதரகத்தின் விதியைப் பார்த்த பிறகே புதுப்பிக்கக் கொடுங்கள். சென்னை, பெங்களூரு விமான நிலையங்களில் வரிசை நிற்காமல் குடியேற்றச் சோதனையைக் கடக்க உதவும் எஃப்டிஐ-டிடிபி பதிவும் பாஸ்போர்ட்டின் செல்லுபடியோடு சேர்ந்ததுதான். 5 வருடம் அல்லது பாஸ்போர்ட் முடியும் நாள், எது முன்னே வருகிறதோ அதுவரைக்கும்தான். கட்டணம் கிடையாது, அடிக்கடி போகிறவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இனிஷியல்

நம் ஊரில் மட்டும் இவ்வளவு தொல்லை தருவது பெயர்தான். ஆதாரில் ப. முருகேசன், பான் அட்டையில் முருகேசன் பழனிசாமி, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக வெறும் முருகேசன் என்று மூன்று விதமாக ஒரே மனிதர் இருப்பார். நம் ஊர் வங்கியில் இது ஓடிவிடும், வெளிநாட்டில் ஓடாது.

அமெரிக்க விசாவில் ஒற்றைப்பெயர்க்காரருக்கு அந்தப் பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டு, சொந்தப்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சிடுவார்கள். அமீரகம் 2022 நவம்பரில், வருகை விசாவில் வரும் ஒற்றைப்பெயர்ப் பாஸ்போர்ட்டுகளை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். அந்த நாட்களில் விமான நிலையம் வரை போய்த் திரும்பிய தமிழர்கள் பட்ட பாடு பெரியது. அடிக்கடி போகிறவராக இருந்தால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது இனிஷியலை விரித்து, இரண்டு இடங்களையும் நிரப்பிவிடுங்கள். ஆதாரையும் பான் அட்டையையும் முதலில் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். அதன்பின் டிக்கெட், அழைப்புக் கடிதம், கண்காட்சி நுழைவுச் சீட்டு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே வரட்டும்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். தறியிலும் வெள்ளிப் பட்டறையிலும் சிறு வயதிலேயே இறங்கி, பத்தாம் வகுப்பு முடிக்காமல் இன்று நல்ல நிலையில் தொழில் நடத்துகிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். வருமான வரி கட்டுகிறவருக்கு அந்த முத்திரை தேவையில்லை. வரிக் கணக்குத் தாக்கல் செய்த ஆதாரத்தைக் கொடுத்தால் நீக்கிக்கொள்ளலாம். படிப்பைச் சொல்லி யாராவது தயங்க வைத்தால் கேட்காதீர்கள்.

விசாவில் எழுதியிருப்பதை வாசிக்காமல் போவது

விசா செல்லுபடியாகும் காலம் வேறு, தங்க அனுமதித்த நாட்கள் வேறு, எத்தனை முறை நுழையலாம் என்பது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால் வரும் தடை வருடக்கணக்கில் தொடரும்.

ஷெங்கனில் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், அதிலிருந்து பின்னோக்கி 180 நாட்களுக்குள் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. இரண்டு வருட விசா கையில் இருந்தாலும் இதே கணக்குதான். இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் முழு நாட்களாகவே சேரும். முன்பு முத்திரைகளை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையோடும் முகப்படத்தோடும் வருகையையும் புறப்பாட்டையும் கணினியில் பதியும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு நாள் கூடினாலும் கணினியில் தெரிந்துவிடும். ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் நாள் கணக்கிடும் கருவி இலவசமாகவே இருக்கிறது.

ஒருமுறை நுழைவு விசாவோடு ஃப்ராங்க்ஃபர்ட் போய், நடுவில் இஸ்தான்புல்லில் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு, மறுபடி பாரிஸ் போகலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். துருக்கிக்குக் கால் வைத்த உடனே அந்த விசா முடிந்தது. லண்டனும் டப்ளினும் அப்படித்தான், ஷெங்கனுக்கு வெளியே. ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனுக்குள் இருக்கிறது. பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால் அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதே என்று வேறு நாட்டிடம் போடுவது மறுப்பைக் கேட்டு வாங்குவதற்குச் சமம். ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு நல்ல வழியும் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக அறிவித்த முறைப்படி, மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கிச் சரியாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு வருடப் பலமுறை நுழைவு விசா கிடைக்கலாம், அதன்பின் ஐந்து வருடம்.

அமெரிக்காவில் 10 வருட விசா இருந்தாலும், எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் அதிகாரிதான் முடிவு செய்கிறார். ஐ-94 என்ற வருகைப் பதிவில் அந்தத் தேதி இருக்கும். இறங்கியதும் செல்பேசியிலேயே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் எழுதிய பொய்

இதில் நான் கறாராகவே சொல்வேன். படிவத்தை ஏஜென்ட் நிரப்பலாம், கையெழுத்து உங்களுடையது. முன்பு ஒரு நாடு விசா மறுத்திருந்தால், அதைக் கேட்கும் இடத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். "அதைக் காட்ட வேண்டாங்க" என்று சொல்கிற ஏஜென்ட்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மறுப்பை விளக்கிச் சொல்லி விசா வாங்கியவர்கள் உண்டு. மறைத்து மாட்டினால் பிரிட்டன் 10 வருடம் வரை கதவை அடைத்துவிடும். போலி டிக்கெட், வாடகைக்கு வாங்கிய அழைப்புக் கடிதம் எல்லாம் இதே வகைதான்.

நோக்கத்தையும் சரியாகச் சொல்லுங்கள். விலை பேசுவது, கண்காட்சி பார்ப்பது, ஒப்பந்தம் போடுவது வணிக விசாவில் அடங்கும். சீனாவுக்கு அது எம் வகை. ஆனால் விற்ற இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க மெக்கானிக்கை அனுப்பினால், பல நாடுகள் அதை வேலை என்றே பார்க்கின்றன. அவருக்கு என்ன அனுமதி வேண்டும் என்று வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் அனுப்பினால், மாட்டிக்கொள்வது முதலாளி இல்லை, அந்தத் தொழிலாளிதான்.

ஆப்பிரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கக் கூடாது. நைஜீரியா, கானா போன்ற நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால், இந்தியாவில் இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள்.

சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. பெங்களூரு, சென்னை, கோவை என்று எங்கிருந்தோதான் கிளம்ப வேண்டும். அதனாலேயே மலிவாகக் கிடைக்கும் தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்துப் போடும் பழக்கம் வந்துவிட்டது. இரண்டு தனி டிக்கெட் என்றால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கலாம், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும். பிரிட்டன், விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் விமானம் மாறும் இந்தியர்களிடமும் டிரான்சிட் விசா கேட்கிறது, சில விலக்குகள் தவிர.

கடைசியாக, தொலைந்தால் என்ன செய்வது என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்து வைத்திருங்கள். உள்ளூர்க் காவல்நிலையத்தில் புகார் கொடுத்து, இந்தியத் தூதரகத்துக்குப் போனால், ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து அடுத்த நாட்டுக்குப் போக முடியாது. பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களோடு நடப்பில் உள்ள ஒவ்வொரு விசாவின் நகலையும் சேலத்தில் வீட்டாரிடம் ஒன்று, உங்கள் மின்னஞ்சலில் ஒன்று என வைத்திருங்கள். அப்புறம், தொலைந்ததாக எழுதிக்கொடுத்த பாஸ்போர்ட் மறுநாளே ஹோட்டல் கட்டிலுக்கடியில் கிடைத்தாலும் அதில் பயணம் செய்யக் கூடாது. புகார் எழுதப் போகும் முன் பெட்டியின் ஒவ்வொரு உறையையும் கவிழ்த்துத் தேடிவிடுங்கள்.