ஹோட்டல் சமையலறைக்குச் செயல்முறைத் தாள் எழுதும் முறை

மாஸ்டர் ஊருக்குப் போன நாளில் சாம்பாரின் ருசி மாறினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். ஆனால் வடித்த சாதத்தை எப்படி ஆற வைப்பது, உறைந்த கோழியை எங்கே வைத்து உருக்குவது என்பவையும் ஆளுக்கு ஆள் மாறினால், சாப்பிட்டவர் மருத்துவமனைக்குப் போக நேரிடலாம். எஸ்ஓபி எனப்படும் செயல்முறைத் தாளை முதன்முதலாக எழுதுபவர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், எதிலிருந்து தொடங்குவது என்ற குழப்பம் வராது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, தண்ணீர், சுத்தம், பணியாளர் உடல்நலம், பூச்சித் தடுப்பு ஆகியவற்றில் ஒரு சமையலறை கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சொல்கிறது. அவற்றை உங்கள் சமையலறையில் யார், எப்போது, எந்தப் பாத்திரத்தில் செய்வது என்ற அளவுக்கு இறக்கி எழுதுவதுதான் நம் வேலை.

முதல் படி: வேலைகளைத் தேர்ந்தெடுத்தல்

காலையில் கதவு திறப்பதிலிருந்து இரவு தரை கழுவுவது வரை நடக்கும் எல்லா வேலைகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அவற்றுள் தவறினால் நோய் வரக்கூடியவற்றுக்கு மட்டும் முதலில் தாள் எழுதினால் போதும்: சாதம் ஆற வைத்தல், கோழி உருக்குதல், மீந்ததைச் சூடாக்குதல், பச்சையாகப் பரிமாறும் காய்களைக் கழுவுதல். முறுகல் தோசைக்கான தாள் அடுத்த மாதம் வரலாம்.

இரண்டாம் படி: அருகில் நின்று பார்த்தல்

அலுவலக அறையில் உட்கார்ந்து எழுதிய தாளைச் சமையலறையில் யாரும் மதிக்க மாட்டார்கள். அந்த வேலையைத் தினமும் செய்பவரின் அருகில் நின்று, அவர் செய்வதைச் செய்கிற வரிசையிலேயே குறித்துக்கொண்டு, ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். பல ஆண்டு கைப்பழக்கத்தில் நல்ல காரணங்கள் ஒளிந்திருக்கும். மாற்ற வேண்டியது இருந்தால் அதையும் அவரோடு பேசியே மாற்றுங்கள்.

மூன்றாம் படி: தாளை எழுதுதல்

ஃப்ரைடு ரைஸுக்காக முந்தின நாளே சாதம் வடித்து வைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். அரிசியில் இருக்கக்கூடிய பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மறுநாள் எவ்வளவு பெரிய தீயில் வதக்கினாலும் அழியாது. ஆகையால் சாதம் 60 டிகிரி செல்சியஸிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும். மே மாதச் சென்னையில் மின்விசிறிக் காற்றால் மட்டும் எந்தச் சாதமும் 21 டிகிரியைத் தொடாது. அறை வெப்பமே அதைவிட மிக அதிகம். "ஆற வைக்கவும்" என்று மட்டும் எழுதிய தாள் அங்கே பயன்படாது. இப்படி எழுதலாம்:

"வடித்த உடனே சாதத்தை அகலமான எவர்சில்வர் தட்டுகளில் 5 செ.மீ. உயரத்துக்கு மிகாமல் பரப்பவும். அண்டாவில் விட்டு வைக்கக் கூடாது. ஐஸ் கொட்டிய பெரிய தட்டின் மேல் சாதத் தட்டை வைக்கவும். ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைக்கவும். ஒரு தட்டின் மேல் இன்னொன்றை அடுக்கக் கூடாது. 2 மணி நேரம் முடியும்போது சாதத்தின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்க்கவும். 21 டிகிரிக்கு மேல் இருந்தால் கொட்டிவிட்டு மாஸ்டரிடம் சொல்லவும். 6 மணி நேரம் முடியும்போது மீண்டும் பார்க்கவும். 5 டிகிரிக்கு மேல் இருந்தாலும் அப்படியே செய்யவும்."

அளவு தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் வரிகளைத்தான் புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால், ஒரு தட்டுச் சாதத்தைக் கொட்டும் முடிவை இரவுப் பணியிலிருக்கும் இளம் பணியாளர் தனியே எடுக்க வேண்டிவரும். திட்டு விழும் என்று பயந்து அவர் கொட்டாமலே விட்டுவிடுவார். கொட்டியதற்காக யாரையும் கடிந்துகொள்வதில்லை என்று முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

"நன்றாக", "கொஞ்ச நேரம்", "தேவையான அளவு" போன்ற சொற்கள் தாளில் வரக் கூடாது. காய் கழுவ 50 பிபிஎம் குளோரின் என்று எழுதினால் யாருக்கும் புரியாது. உணவுக்கு உகந்த 5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. என எழுதி, 10 லிட்டர் வாளியில் கோடு போட்டு, அளவு மூடியையும் பக்கத்திலேயே கட்டி வையுங்கள். சமையலறையில் பீகார், ஒடிசா, அசாம் பணியாளர்கள் இருந்தால் தாள் இந்தியிலும் படங்களோடும் இருக்க வேண்டும்.

நான்காம் படி: சோதித்துப் பார்த்தல்

அந்த வேலையைச் செய்தறியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்; நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவர் எந்த வரியில் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்த வேண்டும்.

தெர்மாமீட்டருக்கும் சோதனை உண்டு. பொடித்த ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் முனையை வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். கொதிநீரில் சோதிப்பதைவிட இதுவே நம்பகமானது. ஊட்டி போன்ற உயரமான ஊர்களில் தண்ணீர் 100 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும்.

ஐந்தாம் படி: பதிவேடு

ஒவ்வொரு தாளுக்கும் நேரம், வெப்பநிலை, கையொப்பம் என்ற மூன்று கட்டங்கள் போதும். கட்டங்கள் கூடக்கூட, பொய்யாக நிரப்பும் பழக்கமும் கூடும். ஒரு வாரப் பதிவு முழுவதும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், எல்லா நாளும் 4 டிகிரி என்று இருந்தால் அது கடைசி நாளில் உட்கார்ந்து எழுதியது என்று வைத்துக்கொண்டு, அந்த வேலைக்கு நேரம் போதவில்லையா, தெர்மாமீட்டர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லையா என்று முதலில் விசாரியுங்கள்.

தாளின் அடியில் எழுதிய தேதியும் எழுதியவர் பெயரும் இருக்கட்டும். அடுப்போ ஃப்ரிட்ஜோ மாறினால், அல்லது மெனுவில் புதிய பண்டம் சேர்ந்தால், தாளைத் திருத்திப் புதுத் தேதியிட்டு ஒட்டுங்கள். பழைய தாளை அன்றே சுவரிலிருந்து கிழித்துவிடுங்கள்.