பிலிப்பியர் நிருபத்தைத் திறக்குமுன் அப்போஸ்தலர் 16

புதிய ஏற்பாட்டிலுள்ள நிருபங்களை, அதாவது கடிதங்களை, ஆழமாகப் படிக்க எனக்கு மிகவும் கைகொடுத்த ஒரு வழியைச் சொல்கிறேன். பிலிப்பி பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய பிலிப்பியரை எடுக்குமுன் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தை வாசித்துவிடுங்கள். அந்தச் சபை பிறந்த கதை அங்கேதான் இருக்கிறது: ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடிய பெண்கள், இரத்தாம்பரம் (ஊதா நிறத் துணி) விற்கிற லீதியாள், அடிபட்டுக் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையிலும் நடுராத்திரியில் பாடிய பவுலும் சீலாவும், அவர்களுடைய காயங்களைக் கழுவின சிறைச்சாலைக்காரன்.

பிறகு பிலிப்பியரை ஒரே மூச்சில், வாய்விட்டு வாசியுங்கள். 4 அதிகாரம், 104 வசனம்தான். அரைமணி நேரம்கூட ஆகாது. வாசிக்கும்போதே சந்தோஷம், மகிழ்ச்சி என்று வருகிற இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். பவுல் தன் சிறையிருப்பைக் குறித்து ‘என் கட்டுகள்’ என்று சொல்லும் இடங்களுக்கு வேறு நிறம்.

4ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்துக்கு வரும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்று எழுதுகிற பவுல் இப்போதும் கட்டுண்டிருக்கிறார். அதைக் கேட்கிற கூட்டத்தில் அந்தச் சிறைச்சாலைக்காரனும் இருந்திருக்கலாம் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் எத்தனையோ முறை பார்த்த வசனம் அது!

அடுத்து தெசலோனிக்கேயர் படிப்பதாக இருந்தால், அப்போஸ்தலர் 17இல் தொடங்குங்கள்.